உபசாரமும் உரிமையும்

இக்கல்லூரியிலே பயின்று வெளியேறிய மக்கள் இன்று பல நாடுகளிலும் பரந்து வாழ்கின்றனர். விழாக்காலம் நெருங்க நெருங்க அவர்களுட் பலர் ஊர் திரும்புவதும், ஆசிரியர் அறைக்கு வந்து தம் தொழில் நிலைமைகளை எடுத்துரைப்பதும், அவற்றைக் கேட்டு நாம் மகிழ்வதும் வழக்கமாயின. தமிழாசிரியராகிய நாம் இவ்விழா மலரிலே இலக்கியச் சுவையை விடுத்துத் தொழிலகங்களின் வழக்கங்களைப் பற்றி எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். ஒரு பிள்ளை பள்ளியில் இருப்பது பதின்மூன்று ஆண்டுகள். தொழிலகத்தில் இருக்கப் போவது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளும் அவனை எவ்வாறு நடத்தும் என்பதை எண்ணிப் பாராது, அவனை ஆளாக்கிவிட்டோம் என்று ஆசிரியர் அமைதி கொள்ளுதல் எங்ஙனம்?

அண்மையிலே பழைய மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். கொழும்பிலே கணினித் தொழில் செய்யும் கம்பனி ஒன்றில் நல்ல பதவியில் இருப்பவர். தம் கந்தோரின் சிறப்புகளை அவர் சொல்லச் சொல்ல எமக்கு அஃது ஒரு மாயலோகம் போலத் தோன்றியது. மேசைப் பந்தாட்டத்துக்கு ஓர் அறை, களைத்தவர் சாய்ந்து கிடப்பதற்கு மெத்தைகள், காலை முதல் இரவு வரை விலையில்லா உணவு, பிறந்தநாளுக்குக் கேக், வெள்ளிக்கிழமைதோறும் பாட்டுக் கச்சேரி.

"எங்களை ராசா மாதிரி வைத்திருக்கிறார்கள், சேர்" என்றார்.

"நல்லது தம்பி. வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீர்?" என்று கேட்டோம்.

அவர் சற்றே தயங்கினார். "பிள்ளை நித்திரை கொண்ட பிறகுதான், சேர்" என்றார். சிறிது நேரத்தின் பின், "இரவுச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கிறபடியால் எழும்பி வர மனம் வராது. எல்லாரும் இருக்கும்போது நான் மட்டும் வெளிக்கிடுவது எப்படி?" என்று தாமாகவே சொன்னார்.

அவர் விடைபெற்றுச் சென்ற பின்னரும் அவ்வார்த்தை எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. வேலை செய்வோரை மகிழ்விக்கவும் ஊக்கவும் முதலாளிமார் கையாளும் புதுமைகள் இன்று எண்ணிறந்தன. அவற்றுள் எது மெய்யான ஆதரவு? எது உபசாரம் என்னும் போர்வை போர்த்த கட்டு? இதனைத் தெரிந்துகொள்ள ஓர் உரைகல் வேண்டும். எம் முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம். தொழிலாளிக்கு அவனுடைய நேரத்தை மீட்டுக் கொடுப்பதும், அவனுடைய அறிவுக்கும் சொல்லுக்கும் இடமளிப்பதும் ஆகிய வழக்கங்களே ஆதரவு எனத் தக்கன. ஏனையவை எத்துணை இனிமையாயினும் உபசாரமே.

இத்தகைய புதுமைகள் நேற்றுத் தோன்றியவை அல்ல. ஸ்கொத்லாந்திலே கிளைட் நதிக்கரையில் உள்ள நியூ லனார்க் என்னும் ஊரின் பஞ்சாலைகளை நடத்தும் பொறுப்பை 1800ஆம் ஆண்டிலே றொபேட் ஓவன் என்பவர் ஏற்றார். சின்னஞ்சிறு குழந்தைகளும் ஆலைகளிற் கிடந்து வருந்திய காலம் அது. ஓவன் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தினார். நல்ல பண்டங்களைக் குறைந்த விலைக்கு விற்கும் கடையொன்றை நடத்தினார். 1816இல் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் பயிலுதற்குக் கல்விக்கூடமொன்றைத் திறந்தார். அமெரிக்கப் பருத்தியின் வரவு தடைப்பட்டு ஆலைகள் நான்கு மாதங்கள் நின்றபோதும் சம்பளத்தைக் குறையாது கொடுத்தார். பங்காளிகள் சிலர் முணுமுணுத்தனர். ஆலைகளோ இலாபத்துடனேயே நடந்தன.

இத்துணை நற்செயல் புரிந்த அதே ஓவன் வேறொன்றும் செய்தார். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கங்களில் நான்கு நிறம் தீட்டிய சிறு மரக்கட்டையொன்றைத் தொங்கவிட்டார். முன்னைநாள் நடத்தை தீயதாயின் கறுப்பு, அதனினும் சிறிது மேலாயின் நீலம், நன்றாயின் மஞ்சள், மிக நன்றாயின் வெள்ளை. அந்தந்த நிறப் பக்கம் முன்னே தெரியுமாறு கட்டை திருப்பி வைக்கப்படும். அடியும் வசையும் மலிந்திருந்த அக்காலத்தில் இது கருணை மிக்க முறையே என்று கூறுவர். பிரம்பினும் மரக்கட்டை மேலானது என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆயினும் வளர்ந்த மனிதன் ஒருவன், பிள்ளைகளைப் பெற்றவன், தன் நன்னடத்தைச் சான்றிதழ் தன்னருகே தொங்க, அதனைப் போவார் வருவாரெல்லாம் நோக்க, நாள் முழுதும் வேலை செய்தான் என்பதை மறத்தல் ஆகாது. அன்பும் வேவும் ஒரே கையிலிருந்து வந்தன. பின்வந்த நூறாண்டுக் கதையின் வித்து அம் மரக்கட்டையிலே இருந்தது.

அக்கதையின் ஓர் அத்தியாயம் அமெரிக்காவிலே நடந்தது. புகையிரதங்களுக்குப் படுக்கைப் பெட்டிகள் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய ஜோர்ஜ் புல்மன் என்பவர், 1880ஆம் ஆண்டளவிலே சிக்காகோ நகரின் அருகே தம் தொழிலாளர்க்கென ஒரு நகரையே கட்டத் தொடங்கினார். செங்கல் வீடுகள், பூங்கா, நூல்நிலையம், நாடகசாலை யாவும் அமைந்தன. கண்டோர் வியந்தனர். வீடும் கடையும் தேவாலயமும் கம்பனியின் உடைமை. எவரும் தாம் குடியிருந்த வீட்டை விலைக்கு வாங்கல் இயலாது. 1893இல் வணிக நெருக்கடி வந்தபோது புல்மன் சம்பளத்தை வெட்டினார். வீட்டு வாடகையை ஒரு சதமும் குறைத்தாரல்லர். வாடகையோ அவருக்கே சேர்வது. 1894இலே வேலைநிறுத்தம் மூண்டது. அது நாடெங்கும் பரவிப் புகையிரதப் போக்குவரத்தையே நிலைகுலையச் செய்தது. ஈற்றிலே 1898இல் இல்லினோய் மாநில உயர்நீதிமன்றம், கம்பனி தன் தொழிலுக்குத் தேவையற்ற அந்நகரை வைத்திருத்தல் தகாதெனத் தீர்ப்பளித்தது. அழகிய நகரம் கொடுத்தும் நன்றி கிடைக்கவில்லையே எனப் புல்மன் வருந்தியிருக்கலாம். பூங்காவிலே உலாவியவன், தான் வேலையை விட்டால் கூரையையும் விடவேண்டும் என்பதை எண்ணியன்றோ உலாவினான்!

இதனை வாசிக்கும்போது எம் நாட்டு மலையகம் கண்முன் வராதிராது. பிரித்தானியர் காலத்திலே கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொணரப்பட்ட எம் உறவினர்க்கு, வேலை கொடுத்த தோட்டமே லயன் அறையையும் கொடுத்தது. புல்மனின் செங்கல் வீட்டையும் மலையகத்தின் லயன் காம்பிராவையும் வசதியில் ஒப்பிடுதல் கொடுமை. கட்டு மட்டும் இரண்டிலும் ஒன்றே. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தமையால், வேலையை மறுத்தவன் வீட்டையும் இழப்பவனானான். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்ற பின்னரும், தமக்கென ஒரு துண்டு நிலமும் அதற்கு உறுதியும் வேண்டும் என்று மலையக மக்கள் கேட்டு வருவதன் பொருள் இதுவே. கொடுக்கும் கை திருப்பி எடுக்கவும் வல்லதாயின், கொடுக்கப்பட்டது கொடை ஆகாது.

புல்மனுக்கு நேர்மாறான வழக்கமொன்றும் அமெரிக்காவிலேயே பின்னாளில் தோன்றியது. இணையத்தின்வழிப் பாதணி விற்கும் சாப்போஸ் என்னும் கம்பனி, புதிதாகச் சேர்ந்தோரைப் பயிற்சிக் காலத்திலே அழைத்து, "இவ்வேலை உமக்கு ஒவ்வாது எனக் கருதினால் இப்போதே விலகலாம், விலகுவோர்க்குக் கம்பனி பணம் தரும்" என்றது. அத்தொகை ஒரு காலத்தில் இரண்டாயிரம் டொலராக இருந்தது. இஃதென்ன பேதைமை என்று கேட்போம். பணத்தைப் பெற்றுக்கொண்டு போனோர் சிலரே. எஞ்சியோர், போகும் வழி திறந்திருந்தும் தாமே விரும்பி இருக்கின்றோம் என்ற தெளிவோடு இருந்தனர். அவ்வளவில் அது மதிக்கத்தக்க வழக்கமே.

இனி ஹென்றி போர்டின் கதையைப் பார்ப்போம். 1913ஆம் ஆண்டிலே போர்ட் மோட்டார்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோர் நிலைத்திருக்கவில்லை. வருவதும் போவதுமாக இருந்தனர். நூறு இடங்களை ஓராண்டு நிரப்பி வைத்திருக்க ஏறக்குறைய முந்நூற்றெழுபது பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914ஆம் ஆண்டு சனவரியில் போர்ட் நாட்கூலியை ஐந்து டொலர் என அறிவித்தார். ஒன்பது மணி நேர வேலையை எட்டு மணி நேரமாக்கினார். முன்னைய கூலியின் இருமடங்கு அது. தொழிற்சாலை வாயிலிலே ஆயிரக்கணக்கானோர் குளிரில் நின்று வேலை கேட்டனர். இந்த அளவில் அது வரலாற்றிலே போற்றத்தக்க செயல்.

அந்த ஐந்து டொலரில் ஏறக்குறையப் பாதி, கூலி அன்று, இலாபப் பங்கு. அதனைப் பெறத் தகுந்தவன் யார் என்று தீர்மானிக்கச் சமூகவியற் பகுதி என்றொரு பகுதியை அமைத்து, அதன் உத்தியோகத்தர்களைத் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பினர். வீடு துப்புரவாக உள்ளதா, குடிப்பழக்கம் உண்டா, பணம் சேமிக்கின்றானா, மனைவியுடன் செம்மையாக வாழ்கின்றானா என்றெல்லாம் ஆராய்ந்து குறித்தனர். ஓவனின் மரக்கட்டை தொழிற்சாலையிலே தொங்கியது. போர்டின் கட்டை வீட்டுக்குள்ளேயே போய்த் தொங்கியது. நல்லொழுக்கத்தை நாமும் வேண்டுகின்றோம். அதனைக் கற்பிப்பதே எம் தொழில். எனினும் சம்பளம் கொடுப்பவன் அடுக்களைப் பானையைத் திறந்து பார்ப்பதை ஒழுக்கம் எனல் சாலாது. அப்பகுதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. எட்டு மணி நேரமும் உயர்ந்த கூலியும் நிலைத்தன. கொடுத்தவற்றுள் எது உரிமையோ அது நின்றது. எது கண்காணிப்போ அது கழிந்தது.

நேரத்தைத் திருப்பிக் கொடுத்த கதையொன்று உண்டு. அது பலரும் அறியாதது. மிச்சிகன் மாநிலத்துப் பற்றில் கிறீக் என்னும் ஊரில், காலையுணவுத் தானியம் செய்யும் கெலொக் தொழிற்சாலை, 1930ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதி எட்டு மணி நேரம் கொண்ட மூன்று முறைவேலைகளை ஒழித்து ஆறு மணி நேரம் கொண்ட நான்கு முறைவேலைகளை ஏற்படுத்தியது. பெரும் பொருளாதார வீழ்ச்சியால் வேலையின்றித் தவித்தோர் பலருக்கு அந்த நான்காவது முறையிலே இடம் கிடைத்தது. மணிக்கூலியும் உயர்த்தப்பட்டமையால் இரண்டு மணி நேரம் குறைந்த அளவுக்குக் கூலி குறையவில்லை. தோட்டம் செய்யவும், நூல் வாசிக்கவும், பிள்ளைகள் பள்ளியால் வரும்போது வீட்டில் இருக்கவும் அத்தொழிலாளர்க்குப் பொழுது கிடைத்தது. அங்கே ஆட்டக்கூடமோ மெத்தையோ எவரும் பெரிதாகப் பேசவில்லை. கம்பனி கொடுத்த பெரும்பொருள் பிற்பகல் வேளையே.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது நேரம் மீண்டும் நீண்டது. போரின் பின்னர், கூடிய நேரம் வேலை செய்து கூடிய கூலி பெறவே தொழிலாளருட் பலர், சிறப்பாக ஆண்கள், விரும்பினர். பகுதி பகுதியாக எட்டு மணி நேரம் திரும்பி வந்தது. பெரும்பாலும் பெண்களே ஆறு மணி நேரத்தைக் கைவிடாது காத்து நின்றனர்; 1985ஆம் ஆண்டுடன் அதுவும் முடிந்தது. இதனை மறைத்து எழுதுதல் நேர்மையன்று. கையில் உள்ள ஓய்வை விடக் கைக்கு வரக்கூடிய பணம் பெரிதாகத் தோன்றுவது மனித இயல்பு. குறைந்த கூலி பெறுவோனுக்கு அஃது இயல்பு மட்டுமன்று, கட்டாயமுமாகும். ஆதலால் போதிய கூலியை முதலிலே வைத்துப் பின்னரே ஓய்வைப் பற்றிப் பேசுதல் முறை. எம் நாட்டிலே 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. சம்பளம் கால் மாதத்துக்கும் போதாத வீட்டிலே பிறந்தநாட் கேக் யாருக்கு இனிக்கும்?

நேரத்தைப் போலவே அறிவுக்கும் இடமளித்தல் வேண்டும் என்றோம். அதற்குக் கலிபோர்ணியா மாநிலத்துப் பிறீமன்ற் நகரில் நடந்ததை விடச் சிறந்த சான்று நாம் அறியோம். அங்கே ஜெனரல் மோட்டேர்ஸ் கம்பனியின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வாராத நாள்கள் பல. சண்டையும் வழக்கும் ஓயவில்லை. செய்த மோட்டார் வண்டிகளும் குறையுடையன. 1982இல் அதனை இழுத்து மூடினர். 1984இல் யப்பானிய ரொயோட்டாக் கம்பனியுடன் கூட்டாக அதனை மீண்டும் திறந்தனர். முன்னர்க் கெட்ட பெயர் எடுத்த அதே தொழிலாளரிற் பெரும்பாலோரையே திரும்பவும் சேர்த்தனர். சிலரை யப்பானுக்கு அனுப்பிப் பயிற்றினர். சிறிது காலத்துக்குள் அத்தொழிற்சாலையின் வண்டிகள் அக்கம்பனியின் மிகச் சிறந்த வண்டிகளோடு வைத்து எண்ணப்பட்டன. வேலைக்கு வாராதார் தொகையும் வெகுவாகக் குறைந்தது.

இடையிலே நிகழ்ந்த மாற்றம் யாது? முகாமையாளர்க்கெனத் தனி உணவுச்சாலையும் தனி வண்டித் தரிப்பிடமும் இல்லாது ஒழிந்தன. தொழிலாளர் சிறு குழுக்களாகி வேலையை முறை மாற்றிச் செய்தனர். எல்லாவற்றிலும் மேலாக ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு ஓடியது. குறையொன்றைக் கண்டவன் அதனை இழுத்தால் குழுத் தலைவர் ஓடி வருவார். குறை உடனே தீராதாயின் உற்பத்தி வரிசையே நிற்கும். முன்னைய நாளில் வரிசையை நிறுத்துவது தொழிலாளிக்கு எண்ணவும் ஒண்ணாத குற்றம். இப்போது அது கடமையாயிற்று. கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான இயந்திர வரிசையை நிறுத்தும் அதிகாரத்தைச் சாதாரண தொழிலாளி ஒருவனின் கையிலே கொடுத்து, "உன் கண்ணை நம்புகின்றோம்" என்று கூறுவதற்கு ஒரு கயிறே போதியதாயிற்று. 1988ஆம் ஆண்டளவில் விற்பனை தளர்ந்தபோது ஆட்களை நீக்காது பயிற்சி வகுப்புகளில் அமர்த்தினர். நம்பிக்கை இரு புறமும் இருந்தது. அத்தொழிற்சாலை 2010இல் மூடப்பட்டு வேறு கம்பனியின் கைக்கு மாறிவிட்டது. அது கற்பித்த பாடம் மாறவில்லை.

திருக்குறளிலே தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரம் உண்டு. ஆளை ஆராய்ந்து தேர்க, தேர்ந்த பின் வேலையை அவனிடமே விடுக என்பது அதன் சாரம். மாணவர்க்கு அதனைப் பொருள் கூறிப் படிப்பிக்கும்போதெல்லாம் எமக்கு இப்பொழுது அந்தக் கயிறு நினைவுக்கு வருகின்றது.

இக்காலத்துப் புதுமைகளுக்கு வருவோம். மேற்கே சில கந்தோர்களில் சறுக்குமரம் வைத்திருக்கின்றனர். வேறு சிலவற்றில் வளர்ப்பு நாயைக் கூடக் கொண்டுவர இடமளிக்கின்றனர். இவற்றை நாம் இகழவில்லை. சிரிப்பும் விளையாட்டும் எங்கும் நல்லனவே. எம் உரைகல்லில் உரைத்துப் பார்க்குமிடத்து வேறு சிலவே பொன்னாகத் தோன்றுகின்றன. கலிபோர்ணியாவிலே மலையேறுவோர்க்கும் கடலாடுவோர்க்கும் உடை செய்யும் பற்றகோனியா என்னும் கம்பனி, 1983இலே தன் வளவுக்குள்ளேயே பிள்ளைப் பராமரிப்பு நிலையமொன்றைத் தொடங்கியது. தாய் தந்தையர் வேலையிடத்திலேயே பிள்ளை வளருகின்றது. ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் கம்பனி 2011இல் தொழிலாளர் மன்றத்துடன் உடன்பாடு செய்து, ஊழியர் ஒரு பகுதியினரின் கைத்தொலைபேசிகளுக்கு வேலை முடிந்து அரை மணி நேரத்தின் பின் அலுவலக மின்னஞ்சல் செல்லாதவாறு நிறுத்தியது. பிரான்சு நாடு 2017 தொடக்கம் இத்தகைய ஓய்வைத் தொழிலாளர் உரிமையாகச் சட்டத்திலேயே ஏற்றது. சீனாவில் ஹெனான் மாகாணத்துப் பாங் டொங்லாய் என்னும் பேரங்காடி 2024இல் மகிழ்ச்சியின்மை விடுமுறை என்றொன்றை அறிவித்தது. மனம் சரியில்லாதவர் ஆண்டுக்குப் பத்து நாள் எடுக்கலாம். முகாமையாளர் மறுத்தல் ஆகாது. பெயர் சிரிப்பை விளைவிக்கும். மறுத்தல் ஆகாது என்ற சொற்களிலே அதன் பெருமை அடங்கியுள்ளது.

பிரித்தானியாவிலே 2022ஆம் ஆண்டின் பிற்பாதியில் 61 நிறுவனங்கள், ஏறத்தாழ 2,900 ஊழியரோடு, சம்பளத்தைக் குறையாது கிழமைக்கு நான்கு நாள் வேலை என்னும் முறையை ஆறு மாதம் செய்து பார்த்தன. முடிவிலே 56 நிறுவனங்கள் அதனைத் தொடர விரும்பின. தாமே முன்வந்து சேர்ந்த நிறுவனங்கள் ஆதலின் எல்லார்க்கும் இது பொருந்தும் என்று துணிதல் கூடாது. ஆயினும் இப்படி ஒரு காரியம் நடவாது என்று அடித்துக் கூறுவார் வாய் சிறிது அடங்கும்.

"இவையெல்லாம் பணம் படைத்த பெருங்கம்பனிகளுக்கே ஆகும், ஏழெட்டுப் பேரை வைத்துக் கடை நடத்தும் எமக்கு எங்ஙனம் ஆகும்?" என்று வணிகத் துறையிலுள்ள பழைய மாணவர் கேட்டல் கூடும். கேள்வி நியாயமானது. பிள்ளைப் பராமரிப்பு நிலையம் கட்டுவது சிறு கடைக்கு இயலாது. ஆறு மணிக்குக் கடை பூட்டுவதாகச் சொல்லியிருந்தால் ஆறு மணிக்கே வேலையாளை அனுப்புவதற்குச் செலவு யாது? "எந்தச் சாமான் போகிறது, எது தேங்குகிறது?" என்று கல்லாவில் நிற்கும் பொடியனைக் கேட்பதற்குச் செலவு யாது? முதலாளியும் அவனும் ஒரே பானைச் சோற்றை ஒரே வேளையில் உண்பதற்குச் செலவு யாது? உபசாரத்துக்கே பெரும்பணம் வேண்டும். மதிப்புக்கு வேண்டியது மனமே.

பிறர் தொழிலைக் கூறி எம் தொழிலை மறைத்தல் அழகன்று. நாம் முன்னர்ப் படிப்பித்த ஒரு பாடசாலையிலே ஆசிரியர் தினம் வந்துவிட்டால் மாலையும் பரிசும் வாழ்த்துப்பாவும் குறைவின்றி வழங்குவர். அடுத்த ஆண்டு நேரசூசி வகுக்கும்போது ஆசிரியர் ஒருவரையேனும் கேளார். மாலை வாடுமுன்னரே மனமும் வாடும். வேறொரு பாடசாலையிலே அதிபர் நேரசூசியை வரைந்து ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டி, "ஒரு கிழமை இங்கே இருக்கும், பென்சிலால் திருத்துங்கள்" என்பார். அங்கே எமக்கு மாலை போட்டார்களா என்பது நினைவில்லை. அந்தப் பென்சில் மட்டும் இன்றும் நினைவில் உண்டு. வகுப்பறையிலும் இதுவே விதி. இனிப்புக் கொடுத்து அடக்கிய வகுப்பு, இனிப்பு முடிந்ததும் குழம்பும். "இந்தச் செய்யுளுக்கு நீ என்ன பொருள் காண்கிறாய்?" என்று கேட்கப்பட்ட பிள்ளை, மணியடித்த பின்னரும் வாசலிலே நின்று பேசும்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் முதலாளிமாரும் முகாமையாளரும் பலர் உளர். அவர்களை மூன்று வினாக்கள் தம்மைத் தாமே கேட்குமாறு வேண்டுகின்றோம். உம்மிடம் வேலை செய்பவன் தன் பிள்ளை விழித்திருக்கும்போது வீடு சேர்கின்றானா? குறையொன்றைக் கண்டால் அஞ்சாது உம்மிடம் சொல்ல அவனால் இயலுமா? நீர் கொடுத்த நன்மை, அவன் நாளை விலக விரும்பினால் அவனைத் தடுக்கும் கயிறாகுமா? முதலிரண்டுக்கும் ஆம் என்றும், மூன்றாவதற்கு இல்லை என்றும் விடை வருமாயின், உம் கந்தோரிலே மெத்தை இல்லையே என்று வருந்தற்க.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்கு நேர்முகம் காணப் போகும் நாளிலே, அங்கே என்னென்ன இலவசம் என்று கேட்பதன் முன், அங்கே எத்தனை மணிக்கு விளக்கு அணைகின்றது என்று கேளுங்கள். நாளை நீங்களே பிறர்க்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தால் அதே கேள்வியை உங்களையே கேளுங்கள்.

ஆண்டுதோறும் நவராத்திரியின் முடிவிலே ஆயுத பூசை செய்கின்றோம். தச்சன் உளியைக் கீழே வைக்கின்றான். சாரதி வண்டிக்குச் சந்தனம் பூசுகின்றான். மாணவன் நூலை அடுக்கி வைத்து வணங்குகின்றான். அன்று கருவிக்கு வேலை இல்லை. கருவிக்கும் ஒரு நாள் ஓய்வும் வணக்கமும் கொடுக்கத் தெரிந்த மரபிலே வந்த நாம், அதனைப் பிடிக்கும் கைக்கு அவற்றைக் கொடுக்க மறத்தல் தகுமா?

எம்மைக் காண வந்த அந்தப் பழைய மாணவரும் இதனை வாசிப்பார் என நம்புகின்றோம். தம்பி, நாளைக்கு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டை அங்கே உண்ணாது எழுந்து வாரும். நீர் முதலில் எழுந்தால் உம் பின்னே இன்னும் இருவர் எழுவர். பிள்ளை விழித்திருக்கும். கல்லூரி அன்னையின் மக்கள் யாவரும் தொழிலிலே சிறந்து, இல்லத்திலும் இனிது வாழ்வார்களாக.